துண்டுக்குள்ளே ஒரு வெப்சைட்

புங்கம்பள்ளம் மாட்டுச் சந்தைக்கு நீங்கள் போயிருக்க மாட்டீர்கள். போய்விட்டு வந்தவர்களும் அடுத்தவருக்கு வழி சொல்வதில்லை. வியாழக்கிழமை தோறும் கூடுகிற சந்தை. குறை சொல்லக் கூடாது, மாடெல்லாம் நல்ல மாடு. தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் உண்டு. டீகூடக் குடிக்கிற மாதிரிதான் இருக்கும். தரகர்கள்தான் கொஞ்சம் அப்படி இப்படி.

மொத்தம் நாலு பேர். மூத்தவர் சென்னியப்பன். ஐம்பது வருஷம் மாட்டுப் பல்லைப் பார்த்துப் பழகியதில், எதிரே நிற்கிற மனுஷர் சிரித்தாலும் வயசைக் கணக்குப் போட்டுவிடுவார். அடுத்தது செங்கோடன், நாலு பேரில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். மூன்றாவது மாரப்பன், பொழுது கிழக்கே முளைத்தால்கூட எதுக்கும் இன்னொரு தரம் பார்த்துக்கொள்ளலாம் என்பவர். நாலாவது நம்ம நாச்சிமுத்து. இந்தக் கதையில் மாட்டிக்கொண்டவர் அவர்தான். அதனால் நாமும் அவர் பக்கத்திலேயே நின்றுகொள்வோம்.

அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் கிடையாது. தரகர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கையின் மேல் போடுவார். வாங்குகிறவர் துண்டுக்குள் கையை விடுவார். உள்ளே விரலைப் பிடித்து அமுக்கி அமுக்கித்தான் பேச்சு. ஒரு விரல் என்றால் ஒன்று, கையோடு அள்ளிப் பிடித்தால் ஐந்து. சுற்றி இருநூறு பேர் நின்றாலும் விலை என்னவென்று ஒருத்தருக்கும் தெரியாது. பேசும்போது இரண்டு பேரும் ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அதுவும் வழக்கம்.

இன்னொன்றும் உண்டு. போட்ட துண்டை விலை முடியாமல் எடுக்கக் கூடாது. ஒரே வருஷத்தில் மூன்று தரம் எடுத்துவிட்டால் அந்தத் துண்டைப் பிடுங்கித் தொட்டிப் பக்கம் மாடு துடைக்கப் போட்டுவிடுவார்கள். அவருக்கு அதோடு தரகு முடிந்தது.

நாச்சிமுத்து அந்த வருஷம் இரண்டு தரம் எடுத்திருந்தார். ஒரு தரம் மூக்கு அரித்தது. இன்னொரு தரம், விரலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஊர் பஸ் வந்துவிட்டது. துண்டோ கல்யாணத்தில் மாமனார் போட்ட சிவப்புக் கரைத் துண்டு. அது தொட்டியில் கிடந்து சாணி துடைப்பதை நினைத்தால், ராத்திரியில்கூட எழுந்து துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

இப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை, டவுனில் பால் பண்ணை வைத்திருக்கிற ஜெகன்னாதன் போன் பண்ணினார். நாற்பது கறவை வேண்டும் என்றார். நாற்பது கறவை என்றால் நாலு பேருக்கும் வருஷம் முழுக்கச் சாப்பாடு. ஆனால் நேரில் வந்து வெயிலில் அலைய முடியாது, உங்கள் சந்தைக்கு ஒரு வெப்சைட் போட்டு மாட்டுப் படமெல்லாம் ஏற்றி வியாழக்கிழமைக்குள் லிங்க் அனுப்புங்கள், பார்த்துத்தான் மாடு சொல்வேன், இல்லையென்றால் வேறு சந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

போன் வந்தபோது அது நாச்சிமுத்து கையில் இருந்தது. அதனால் வெப்சைட் வாங்குகிற பொறுப்பு நாச்சிமுத்துவுக்கே என்று சென்னியப்பன் தீர்ப்புச் சொன்னார். போன் செங்கோடனுடையது. நேரம் பார்ப்பதற்காக நாச்சிமுத்து வாங்கியிருந்தார், அவ்வளவுதான். விதி என்பது இதுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் நாலு பேரும் குளித்து, திருநீறு பூசி, கடைவீதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற மைதிலியிடம் போனார்கள். ஜெராக்ஸ் எடுப்பது, பட்டா எடுத்துக் கொடுப்பது, கரண்ட் பில் கட்டுவது எல்லாம் அந்தப் பெண்தான். கெட்டிக்காரப் பெண், பொறுமைசாலியும்கூட. அன்றைக்குக் காலையில் அப்படித்தான் இருந்தது.

மைதிலி மூன்று கம்பெனிகளின் பக்கத்தைத் திறந்து காட்டியது. வெப்சைட்டை நாமே கட்டிக்கொள்ள இடம் கொடுக்கிற கம்பெனிகள். ஒன்றின் பக்கம் கறுப்பு, ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல். நாலு பேரும் பார்த்த மாத்திரத்தில் மாட்டு நிறப்படி காரி, செவலை, மயிலை என்று பேர் வைத்துவிட்டார்கள். காரி இலவசம், ஆனால் நம் பக்கத்தின் தலையில் அவர்களுடைய விளம்பரம் ஓடும். "செவலை மாசம் இருநூத்தம்பது" என்று மைதிலி ஆரம்பித்ததுதான் தாமதம், நாலு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

சென்னியப்பன் எழுந்து போய்க் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார். "அம்மிணி, விலையை இப்படி ஊரறியச் சொல்லாத. பக்கத்துல செருப்புக் கடைக்காரன் இருக்கறான்."

செருப்புக் கடைக்காரர் தெரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று மைதிலி கேட்டது. அது யாருக்கும் தெரியவில்லை. அப்படி இதுவரைக்கும் ஆனதே இல்லை என்றார் மாரப்பன், அதனால்தான் பயமாக இருக்கிறது என்றும் சொன்னார்.

சரி என்று அந்தப் பெண் மூன்று கம்பெனி விலையையும் மூன்று தாளில் அச்சடித்துக் கொடுத்தது. செவலைக்கு மாசக் கட்டணத்திலேயே எல்லாம் அடக்கம், மூன்று வருஷத்துக்கு ஒன்பதாயிரம். மயிலை முதல் வருஷம் மாசம் வெறும் தொண்ணூற்றொன்பது, அடுத்த வருஷத்திலிருந்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது, வெப்சைட்டின் பேருக்குத் தனியாக வருஷம் எண்ணூறு. கூட்டிப் பார்த்தால் மூன்று வருஷத்துக்குப் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம். முதல் வருஷத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பாருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியது.

சொன்னபடி செய்தார்கள். சந்தை மைதானத்தில் மூன்று முளைக்குச்சி அடித்து, மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டினார்கள். விலை வெளியே தெரியக் கூடாது என்பதால் எழுத்துப் பக்கத்தை உள்ளே மடித்துக் கட்டினார்கள். பிறகு நிதானமாகப் பார்த்தார்கள். முன்னால் போய்ப் பார்த்தார்கள், பின்னால் போய்ப் பார்த்தார்கள். மயிலையின் தாள் காற்றில் கொஞ்சம் அதிகமாக ஆடுகிறது, துருதுருப்பான உருப்படி என்று செங்கோடன் சொன்னார்.

மாரப்பனுக்குக் காரி மேல் சந்தேகம். சும்மா கொடுக்கிறான் என்றால் வாங்கினவருக்கு ஆகாத சுழிக் குற்றம் ஏதோ இருக்கும், தாளைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றார்.

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாது" என்றார் சென்னியப்பன். "பெரியவங்க சொல்லிட்டுப் போயிருக்கறாங்க."

"பாக்காம எப்படிங்ண்ணா வாங்கறது?"

"வாங்கறதுன்னா பாக்கணும். தானம்னா பாக்கக் கூடாது. இது தானமா வர்றதை நாம வாங்கறது."

இது பெரிய சிக்கல்தான். வெயில் இறங்குகிற வரைக்கும் நாலு பேரும் யோசித்தார்கள். அதற்குள் சந்தைக்கு முன்னதாகவே வந்து கட்டியிருந்த ஒரு பசு, எட்டிக் காரியைத் தின்றுவிட்டது. பல்லைப் பார்க்கிறதா வேண்டாமா என்று அது ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. காரி கழிந்தது.

மிச்சம் இரண்டு. இங்கேதான் சென்னியப்பனின் ஐம்பது வருஷத் தொழில் பேசியது. செவலை இன்றைக்கும் இருநூற்றைம்பது, மூன்று வருஷம் கழித்தும் இருநூற்றைம்பது. வருஷம் போனாலும் விலை ஏறாத மாடு என்ன மாடு? மலட்டு மாடு. மயிலை அப்படியில்லை, இன்றைக்குத் தொண்ணூற்றொன்பது, அடுத்த வருஷம் நாலு பங்கு. அதற்குள் ஒரு கன்று போட்டிருக்கும், அதனால்தான் ஏற்றம்.

நாச்சிமுத்துவுக்கு இது நூறு சதம் நியாயமாகப் பட்டது. ஆனால் அந்த ஏறின விலையைக் கொடுக்கப் போவது நாம்தானே என்று உள்ளே எங்கேயோ ஒரு சின்ன முணுமுணுப்பு. அதை வெளியே சொன்னால் முட்டாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று அடக்கிக்கொண்டார். மயிலையே முடிவாயிற்று.

புதன்கிழமை மறுபடியும் கடைக்குப் போனார்கள். மயிலை என்றதும் மைதிலி தலையில் கை வைத்தது. செவலைதான் உங்களுக்கு லாபம், அரை மணி நேரத்தில் நானே கட்டித் தருகிறேன் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னது. கன்று விஷயத்தை இவர்கள் விளக்கினார்கள். அந்தப் பெண் கால்குலேட்டரை எடுத்து டிராயருக்குள் வைத்துவிட்டது. பிறகு மயிலையின் பக்கத்தைத் திறந்து வைத்து, பேங்க்குக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வருகிறேன், வருகிற வரைக்கும் எதையும் அமுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனது.

நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் செங்கோடன் திரையை எழுத்துக்கூட்டிப் படித்தார். இந்தச் சலுகை இன்னும் பதினைந்து நிமிடத்தில் முடிகிறது என்று போட்டு, நிமிடம் இறங்கிக்கொண்டே வந்தது.

நாச்சிமுத்துவுக்குப் பகீரென்றது. சென்னியப்பன் சிரித்தார். "மாட்டுக் கயித்தைப் புடிச்சுட்டுக் கெளம்பற மாதிரி நடிக்கறான். எத்தனை பேரைப் பாத்திருப்பேன். கண்டுக்காத, திரும்பி வருவான்."

பதினைந்து நிமிடமும் ஓடிப் பூஜ்யத்துக்கு வந்தது. திரை ஒரு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடியும் பதினைந்திலிருந்து ஆரம்பித்தது. மற்ற மூன்று பேரும் சென்னியப்பனைப் பார்த்த பார்வையில் அத்தனை பக்தி.

திரும்பி வந்தவன் இளகியிருப்பான், சூட்டோடு சூடாகப் பேரத்தை முடிக்க வேண்டும் என்று ஆயிற்று. யாரிடம் பேசுவது? மேசையில் மவுஸ் கிடந்தது. வயர் இல்லாத மவுஸ். உள்ளங்கையில் வைத்தால் பாந்தமாக உட்கார்ந்தது. இதைப் பிடித்துக்கொண்டுதான் மைதிலி கம்ப்யூட்டரோடு பேசுகிறது, ஆகவே இதுதான் கம்ப்யூட்டருடைய கை என்று செங்கோடன் கண்டுபிடித்தார்.

எதையும் அமுக்கக் கூடாது என்று அந்தப் பெண் சொன்னதே என்று மாரப்பன் நினைவுபடுத்தினார். அதையும் விவாதித்தார்கள். துண்டுக்குள் விரலைப் பிடிப்பது பேசுவது, அமுக்குவது ஆகாது. பேசக் கூடாதென்று அது சொல்லவில்லை. நாச்சிமுத்து சாமியைக் கும்பிட்டுக்கொண்டு சிவப்புக் கரைத் துண்டை எடுத்து மவுஸின் மேல் போட்டார், உள்ளே கையை விட்டார், ஆகாசத்தைப் பார்த்தார். அந்தக் கடையில் ஆகாசம் இல்லாததால் மின்விசிறியைப் பார்த்தார்.

ஒரு விரலால் அமுக்கினார். என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

"ரெண்டு வருஷம்கறான். விலையும் ஏறியிருச்சு" என்றார் செங்கோடன்.

இன்னொரு தரம் அமுக்கினார். மூன்று வருஷம். மறுபடியும் அமுக்கினார், நாலு. இறக்கச் சொல்லி அமுக்க அமுக்க அவன் ஏற்றிக்கொண்டே போனான். இவ்வளவு அழுத்தக்காரனை நான் பார்த்ததில்லை என்று சென்னியப்பனே ஒப்புக்கொண்டார். மைதிலி திரும்பி வந்தபோது மயிலை பத்து வருஷத்தில் நின்றது. பாதுகாப்புக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று என்று என்னென்னவோ சேர்ந்து, தொகை டிராக்டர் விலைக்குப் பக்கத்தில் போயிருந்தது. நல்லவேளை, பணம் கட்டுகிற இடத்துக்கு அது இன்னும் போகவில்லை.

மைதிலி கம்ப்யூட்டரை அணைத்தது. அண்ணா, கையை எடுங்கள், செவலையில் நான் இப்போதே போட்டுத் தருகிறேன் என்றது. நாச்சிமுத்துவுக்கு எடுத்துவிடலாம் என்றுதான் ஆசை. ஆனால் விலை முடியவில்லையே. எடுத்தால் மூன்றாவது தரம். துண்டு தொட்டிக்குப் போகும்.

"எடுக்க முடியாதம்மிணி" என்றார். துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எடுத்தா எம் பொழப்புப் போச்சு."

சரி, என்னிடம் இன்னொரு மவுஸ் இருக்கிறது, அதை வைத்து வேலையை முடிக்கிறேன் என்றது மைதிலி. நாலு பேரும் பதறிவிட்டார்கள். ஒருத்தர் துண்டு போட்டிருக்கும்போது இன்னொருத்தர் குறுக்கே விலை பேசுவதா? சந்தையில் அதைவிட மானக்கேடு கிடையாது. கடை சாத்துகிற நேரம் வரைக்கும் நாச்சிமுத்து எழுந்திருக்கவில்லை. கடைசியில் மைதிலிதான் விட்டுக்கொடுத்தது. அந்த மவுஸ் முந்நூற்றைம்பது ரூபாய், வெள்ளிக்கிழமை கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும் என்று கும்பிட்டது.

நாச்சிமுத்து துண்டோடு வீட்டுக்குப் போனார். மனைவி பாவாயி சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டாள். என்னவென்று கேட்டாள், சொன்னார். முப்பது வருஷமாக அவரோடு குடும்பம் நடத்துகிறவள், ஆகையால் ஆச்சரியப்படவில்லை. எதிராளிக்கும் ஒரு வாய் ஊட்டணுமா என்று மட்டும் கேட்டாள். வேண்டாம், இளகிவிட்டால் நல்லது, ஆனால் ஊட்டி இளக வைத்ததாகப் பேச்சு வரக் கூடாது என்றார் நாச்சிமுத்து.

வியாழக்கிழமை சந்தை கூடியது. நாற்பது கறவையையும் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து வரிசையாகக் கட்டியிருந்தார்கள். நடுவில் நாச்சிமுத்து, கையில் துண்டோடு ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்து வலியில் உயிர் போனது. துண்டுக்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம் மினுமினுத்தது. கண் முழித்துக்கொண்டுதான் இருக்கிறான், விட்டுவிடாதே என்று மாரப்பன் தைரியம் சொன்னார். அவரால் முடிந்தது அது.

பத்து மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. பண்ணைக்காரர் ஜெகன்னாதன் இறங்கினார். லிங்க் வரவில்லை, போன் பண்ணினால் வெப்சைட்டோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள், என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாமென்று நேரிலேயே வந்துவிட்டார். டீக்கடைக்குக் கொடுக்க எடுத்த பத்து ரூபாய் நோட்டு இடது கையில் இருந்தது.

நாச்சிமுத்துவுக்கு அவரைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மன்னிச்சுக்கோணுங்க. இன்னும் விலை படியலீங்க."

"ஒரு வெப்சைட்டுக்கு ரெண்டு நாளா விலை பேசறீங்களா? எவ்வளவுதான் கேக்கறான்?"

சந்தையில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். இருநூறு பேர் நடுவில், பட்டப்பகலில், விலையை வாயால் கேட்டுவிட்டார் மனுஷர். வெளியூர்க்காரர், பாவம், வழக்கம் தெரியாது என்று சென்னியப்பன்தான் பெருந்தன்மையாக நிலைமையைச் சமாளித்தார். துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, பண்ணைக்காரரின் வலது கையை மரியாதையாகப் பிடித்து உள்ளே விட்டார்.

உள்ளே ஏதோ சூடாக, வழவழவென்று, வியர்வையில் நனைந்து கையில் பட்டது. பண்ணைக்காரர் திடுக்கிட்டுப் போய் அதை அஞ்சு விரலாலும் கெட்டியாகப் பிடித்துவிட்டார்.

நாச்சிமுத்துவின் முகம் பூத்தது. "அஞ்சு! படிஞ்சிருச்சு!"

துண்டை உருவினார். ஒரு நாள் முழுக்க உள்ளே கிடந்து ஊறிப்போயிருந்தது கை. உதறிக் கும்பிட்டுவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். சென்னியப்பன் பண்ணைக்காரரின் இடது கையிலிருந்த பத்து ரூபாயை அச்சாரமாக வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பண்ணைக்காரரின் வலது கையில் மவுஸ் இருந்தது.

செங்கோடனுக்கு ஒரு சந்தேகம், வெப்சைட் வாங்கப் போனது நாமாயிற்றே என்றார். மாரப்பன்தான் அன்றைக்குச் சந்தேகமே இல்லாமல் பதில் சொன்னார். பேசினது நாச்சிமுத்து, ஆனால் விலையை முடித்தது பண்ணைக்காரர். முடித்தவருக்குத்தான் சரக்கு. நாச்சிமுத்து நடுவில் நின்ற தரகர். ரொம்பச் சரி என்று இருநூறு பேரும் தலையாட்டினார்கள்.

பண்ணைக்காரர் மவுஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வரிசையாக நின்ற நாற்பது கறவையையும் பார்த்தார். "ஐயா, நான் மாடு வாங்க வந்தவனுங்க" என்றார்.

"மாடு எங்கீங்க போயிறப் போகுது" என்றார் சென்னியப்பன். "வெப்சைட்டுல பாத்துத்தான் மாடுன்னு நீங்கதான சொன்னீங்க. அதான் வெப்சைட் இப்ப உங்க கையில இருக்குதே. நீங்க லிங்க் அனுப்புங்க, நாங்க பாத்துட்டு எந்த மாட்டைக் குடுக்கறதுன்னு சொல்றோம்."

அதைக் கொஞ்சம் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு மைதிலி அம்மிணியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று செங்கோடன் நினைவுபடுத்தினார். பண்ணைக்காரர் காரை நோக்கி நடந்தார். மவுஸைக் கீழே வைக்கவும் மனுஷருக்குத் தோன்றவில்லை.

கார்க் கதவு வரைக்கும் நாச்சிமுத்து கூடவே போனார். சிவப்புக் கரைத் துண்டு அவர் தோளில் ஜோராகக் கிடந்தது. குனிந்து, கண்ணாடி வழியாக, கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னார்.

"அடுத்த வியாழக்கெழமைக்குள்ள லிங்க்கை அனுப்பிருங்க. இல்லீன்னா நாங்க வேற பண்ணையைப் பாத்துக்குவோம்."